பாட்டு ஃபைல் மட்டும் வந்தால் போதாது: பழைய லேப்டாப்பிலிருந்து புதியதுக்கு ஐடியூன்ஸ் சேகரிப்பை மாற்றுவது

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு மேலான விண்டோஸ் லேப்டாப், அதில் ஐடியூன்ஸ் (பாட்டைச் சேர்த்து வைத்து ஓட்டும் ஆப்பிள் மென்பொருள்), சுமார் 9,000 பாட்டு. பாதிக்கு மேல் தமிழ் சினிமாப் பாட்டு, சொந்த சிடிக்களிலிருந்து எடுத்தவை. கொஞ்சம் அப்பாவின் கேசட்டுகளை ஓடவிட்டுப் பதிவு செய்தவை. மீதி பல வருடங்களாக எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தவை. சில லேப்டாப்பிலும் சில எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கிலும் கிடக்கின்றன. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால் விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கியிருக்கிறீர்கள். மியூசிக் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து புதிய ஐடியூன்ஸில் இழுத்துப் போட்டால் போதுமா, பாட்டுகளுக்குக் கொடுத்த ஸ்டார் மதிப்பெண்ணும் பிளேலிஸ்ட்டும் கூடவே வருமா என்று கேட்கிறீர்கள்.

பாட்டு வரும். ஸ்டாரும் பிளேலிஸ்ட்டும் வராது. அதனால் இழுத்துப் போடாதீர்கள், வேறு வழி இருக்கிறது, அது இதைவிடக் கஷ்டமும் இல்லை.

ஐடியூன்ஸ் உங்கள் சேகரிப்பைப் பற்றி இரண்டு இடங்களில் எழுதி வைக்கிறது. பாட்டின் பெயர், பாடியவர், படம், வருடம், வரிசை எண், பாடல் வரி, நீங்கள் கையால் சேர்த்த அட்டைப்படம் எல்லாம் அந்தந்த எம்பி3 அல்லது எம்4ஏ ஃபைலுக்குள்ளேயே டேகாக, அதாவது கூடவே ஒட்டிய குறிப்பாக, இருக்கின்றன, ஃபைல் எங்கே போனாலும் கூடவே போகும். ஆனால் எத்தனை முறை கேட்டீர்கள், கடைசியாக எப்போது கேட்டீர்கள், எத்தனை ஸ்டார் கொடுத்தீர்கள், என்றைக்குச் சேர்த்தீர்கள், எந்த பிளேலிஸ்ட்டில் எத்தனையாவது இடம் என்பதெல்லாம் ஃபைலுக்குள் இல்லை. மியூசிக் ஃபோல்டருக்குள் ஐடியூன்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் ஐடியூன்ஸ் லைப்ரரி என்ற பெயரில் ஐடிஎல் என்று முடியும் ஒரு ஃபைல் இருக்கும். அத்தனையும் அந்த ஒரு ஃபைலில்தான். பாட்டுகள் எல்லாம் சேர்ந்து ஐம்பது, நூறு ஜிபி இருக்கலாம், இது சில எம்பிதான். பலரும் பெரிய ஃபோல்டரைப் பத்திரமாக நகர்த்திவிட்டு இந்தச் சின்ன ஃபைலை பழைய மிஷினிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

இதில் பலரும் கவனிக்காதது சேர்த்த தேதி. ஸ்டார் போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம், சலிப்பாக இருந்தாலும் செய்துவிடலாம். புதிதாக இழுத்துப் போட்டால் 9,000 பாட்டுக்கும் இன்றைய தேதி விழுந்துவிடும், கல்லூரிக் கடைசி வருடத்தில் எதையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்தீர்கள் என்பது அதோடு போச்சு. எனக்கு இந்தத் தேதி வரிசைதான் சேகரிப்பின் உயிர். அதைக் காப்பாற்றும் வழியைத்தான் கீழே சொல்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன் பழைய டிஸ்க் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, திறந்தவுடன் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். நீலத்தில் நல்லது என்று வந்தால் நிதானமாக வேலை செய்யலாம். மஞ்சளில் எச்சரிக்கை என்று வந்தாலோ, டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டாலோ, கீழே நான் சொல்லப்போகும் ஒழுங்குபடுத்தும் வேலை எதையும் அந்த டிஸ்க்கில் செய்யாதீர்கள், முதலில் காப்பி எடுங்கள். எந்த வரிசையில் எடுப்பது என்பதும் முக்கியம். கேசட்டிலிருந்து பதிவு செய்தவை முதலில், ஐடிஎல் ஃபைல் இரண்டாவது, சொந்த சிடியிலிருந்து எடுத்தவை அப்புறம், மற்றதெல்லாம் கடைசி. சினிமாப் பாட்டு எங்கே வேண்டுமானாலும் திரும்பக் கிடைக்கும். அப்பா இலங்கை வானொலியிலிருந்து கேசட்டில் பிடித்து வைத்தது, நடுவில் அறிவிப்பாளர் குரலோடு இருப்பது, உலகத்தில் வேறு எங்கும் கிடையாது.

சரி, டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை சிதறிக் கிடப்பதை ஓரிடத்துக்குக் கொண்டுவருவது. ஐடியூன்ஸ் ஒவ்வொரு பாட்டுக்கும் அது எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முழு முகவரியையும் நினைவில் வைத்திருக்கிறது. எக்ஸ்டர்னல் டிஸ்க் இன்று ஈ டிரைவ், புதிய லேப்டாப்பில் எஃப் ஆகிவிட்டால் அந்தப் பாட்டு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆச்சரியக்குறி வந்து நிற்கும். இதைத் தவிர்க்க ஐடியூன்ஸிலேயே வழி இருக்கிறது. எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ் போய் அட்வான்ஸ்டு பகுதியில் மீடியா ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபைல் மெனுவில் லைப்ரரி, ஆர்கனைஸ் லைப்ரரி, அதில் கன்சாலிடேட் ஃபைல்ஸ் என்பதை டிக் செய்து ஓகே கொடுங்கள். எங்கெங்கோ இருக்கும் பாட்டுகளை எல்லாம் அது மீடியா ஃபோல்டருக்குள் காப்பி எடுத்துக்கொண்டு முகவரிகளையும் தானே மாற்றிக்கொள்ளும். காப்பிதான் எடுக்கிறது, பழைய ஃபைல் இருந்த இடத்திலேயே இருக்கும், அதனால் அந்த அளவுக்கு இடம் வேண்டும். ஐந்து நிமிடப் பாட்டு 128 கேபிபிஎஸ் (நொடிக்கு எத்தனை கிலோபிட் என்ற அளவு) எம்பி3 என்றால் சுமார் 5 எம்பி, 320 என்றால் 12 எம்பி, சிடியிலிருந்து அப்படியே எடுத்த வேவ் என்றால் 50 எம்பிக்கு மேல். இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் அவ்வளவு இடம் இல்லையென்றால், ஐடியூன்ஸை மூடிவிட்டு ஐடியூன்ஸ் ஃபோல்டரையே முழுதாகப் பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றுக்குக் கொண்டுபோய், கீழே சொல்லும் ஷிஃப்ட் முறையில் அங்கிருந்து திறந்து, அங்கேயே கன்சாலிடேட் செய்யலாம்.

இந்த இடத்தில் தமிழ் சினிமாப் பாட்டு வைத்திருப்பவர்களுக்கு அதிகம் வரும் ஒரு தலைவலியைச் சொல்லியாக வேண்டும். ஐடியூன்ஸ் ஃபோல்டர்களைப் பாடகர் பெயரில் உருவாக்கி அதற்குள் ஆல்பம் வைக்கும். ஒருவரே பாடிய ஆல்பம் ஒன்று, அதில் பத்துப் பாட்டு என்ற கணக்கில் யோசித்துச் செய்தது அது. நம் படத்தில் ஐந்து பாட்டு இருந்தால் எஸ்பிபி ஒன்று, ஜானகி ஒன்று, இருவரும் சேர்ந்து ஒன்று, யேசுதாஸ் ஒன்று, மலேசியா வாசுதேவன் ஒன்று. ஒரே படம் ஐந்து ஃபோல்டராகப் பிய்ந்துபோகும், திரையிலும் ஒரே படத்தின் பெயர் ஐந்து ஆல்பமாக நிற்கும். இதற்கு மருந்து ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற கட்டம். அதில் எதையாவது நிரப்பினால் ஐடியூன்ஸ் பாடகரை விட்டுவிட்டு அந்தப் பெயரில்தான் ஃபோல்டர் போடும், ஆல்பமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். என் யோசனை, அதில் இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள். நாம் பாட்டைத் தேடுவதே அப்படித்தான், ராஜா பாட்டு, எம்எஸ்வி பாட்டு, ரஹ்மான் பாட்டு என்றுதான் சொல்கிறோம். கம்போசர் கட்டத்திலும் அதே பெயரைப் போட்டுவிடுங்கள். ஒரு படத்தின் எல்லாப் பாட்டையும் தேர்வு செய்து ஒரே தடவையில் மாற்றலாம். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் இது இன்னும் வேகம், ஆனால் ஒரு விஷயம்: வெளியே டேகை மாற்றினால் ஐடியூன்ஸுக்கு உடனே தெரியாது, அந்தப் பாட்டை ஒருமுறை ஓட்டினாலோ அதன் விவரத்தைத் திறந்தாலோதான் புதிய டேகைப் படித்துக்கொள்ளும். அதனால் இந்த வேலையை ஐடியூன்ஸுக்குள்ளேயே செய்யுங்கள்.

பெயரை எழுதும் முறையையும் அப்போதே ஒன்றாக்கிவிடுங்கள். இளையராஜா என்ற பெயரை ஆங்கில எழுத்தில் நான்கைந்து விதமாக எழுதி வைத்திருப்பார்கள், ஒரு ஏ கூடும், ஒரு ஐ குறையும், எஸ்பிபிக்கு இனிஷியல் நடுவே புள்ளி ஒரு இடத்தில் இருக்கும், ஒரு இடத்தில் இருக்காது. மென்பொருளுக்கு ஒவ்வொன்றும் தனித்தனி ஆள். 9,000 பாட்டுக்கும் இப்போதே செய்து முடிக்கவேண்டும் என்று சொல்லவில்லை. அடிக்கடி கேட்கும் முந்நூறு நானூறு பாட்டுக்குச் செய்துவிட்டு மாற்றிவிடுங்கள், மற்றதைப் புதிய லேப்டாப்பில் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

எந்தக் கணினியிலும் தமிழ் ஒரே மாதிரி தெரிய உதவும் யூனிகோட் குறியாக்கம் பரவுவதற்கு முன் டேகில் தமிழிலேயே பெயர் எழுதியவர்களும் உண்டு. பாமினி, டிஸ்கி, 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டாப், டாம் போன்ற குறியாக்கங்களில் எழுதியது, அந்தந்த எழுத்துரு இருந்தால் மட்டுமே தமிழாகத் தெரியும். புதிய கணினியில் அவை வெறும் கிறுக்கலாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், பாட்டு நன்றாகத்தான் இருக்கும். அந்தக் கிறுக்கலை எடுத்து எழுத்துரு மாற்றியில் போட்டால் யூனிகோட் தமிழாக வந்துவிடும், திரும்ப டேகில் ஒட்டிக்கொள்ளலாம்.

கேசட் பதிவுகளுக்கு வருவோம். இவை அநேகமாக வேவ் ஃபைலாக இருக்கும். வேவில் நீங்கள் ஐடியூன்ஸில் தட்டிய பெயர், படம், வருடம் எதுவும் ஃபைலுக்குள் போய் உட்காராது. எல்லாம் அந்த ஐடிஎல் ஃபைலில்தான் இருக்கும். நீங்கள் லைப்ரரியை முழுதாக மாற்றும்வரை பிரச்சினை இல்லை, புதிய லேப்டாப்பிலும் பெயரோடுதான் தெரியும். ஆனால் நாளைக்கு ஐடியூன்ஸை விட்டு வேறு பிளேயருக்குப் போனாலோ, அந்த ஃபைலைத் தம்பிக்கு அனுப்பினாலோ, வெறும் ட்ராக் 07 என்று போய் நிற்கும். இவற்றை ஆப்பிள் லாஸ்லெஸ் ஆக மாற்றி வையுங்கள். பிரிஃபரன்சஸில் இம்போர்ட் செட்டிங்ஸில் ஆப்பிள் லாஸ்லெஸ் என்று வைத்துக்கொண்டு, பாட்டைத் தேர்வு செய்து ஃபைல் மெனுவில் கன்வர்ட் கொடுத்தால் போதும். ஒலியில் ஒரு துளியும் குறையாது, அளவு பாதிக்குப் பக்கமாகக் குறையும், டேகும் உள்ளேயே போய்விடும். மாற்றி வரும் பிரதி புதிய பாட்டாகத்தான் லைப்ரரியில் சேரும், பழையதன் ஸ்டாரும் கேட்ட கணக்கும் அதற்கு வராது, பிளேலிஸ்ட்டிலும் நீங்கள்தான் சேர்க்கவேண்டும். கேசட் பதிவுகளுக்கு அது பெரிய நஷ்டமில்லை. மூல வேவை அழிக்காமல் தனியாக எங்காவது வைத்துவிடுங்கள்.

எம்பி3-க்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேறு வடிவத்துக்கு மாற்றாதீர்கள். 128-இல் இருப்பதை 320 ஆக்கினால் தரம் கூடும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், கூடாது. ஏற்கெனவே தூக்கி எறிந்த ஒலி திரும்பி வராது, மேலும் ஒரு சுற்று அழுத்தத்தில் இன்னும் கொஞ்சம் போகும், டிஸ்க்கில் இடம்தான் இரண்டரை மடங்காகும்.

இப்போது காப்பி. பழைய லேப்டாப்பில் ஐடியூன்ஸை அதற்குக் கிடைக்கும் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுவந்து, ஒருமுறை திறந்து, முழுவதுமாக மூடுங்கள். புதிய பதிப்பு பழைய லைப்ரரியைத் திறக்கும், பழைய பதிப்பு புதிய லைப்ரரியைத் திறக்காது, அதனால் புதிய லேப்டாப்பில் இருப்பது அதே பதிப்பாகவோ அதற்கு மேலாகவோ இருக்கவேண்டும். ஐடியூன்ஸ் திறந்திருக்கும்போது ஐடிஎல் ஃபைலைக் காப்பி எடுக்கவே கூடாது. பிறகு மியூசிக் ஃபோல்டருக்குள் இருக்கும் ஐடியூன்ஸ் ஃபோல்டரை அப்படியே, உள்ளே எதையும் பிரிக்காமல், எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். உள்ளே ஆல்பம் ஆர்ட்வொர்க் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள்: ஐடியூன்ஸ் தானாக இறக்கிய அட்டைப்படங்கள் பாட்டு ஃபைலுக்குள் இருக்காது, அங்கேதான் இருக்கும். லேப்டாப்பிலும் டிஸ்க்கிலும் உள்ளே நீலமாக இருக்கும் யூஎஸ்பி போர்ட் இருந்தால் அதில் செருகுங்கள். இல்லையென்றால் பழைய யூஎஸ்பி 2-இல் நொடிக்கு 30 எம்பி போனாலே நல்ல வேகம், 60 ஜிபிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வைஃபையில் அனுப்ப நினைக்காதீர்கள், நடுவில் ஒருமுறை அறுந்தால் எது வந்தது எது வரவில்லை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

காப்பி முடிந்ததும் சரிபார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இரண்டு பக்கமும் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் பாருங்கள், ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். அளவு என்று பார்க்கும்போது சைஸ் என்ற எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். பக்கத்தில் சைஸ் ஆன் டிஸ்க் என்று இன்னொரு எண் இருக்கும், அது ஒவ்வொரு டிஸ்க்கும் இடத்தைத் துண்டு போடும் விதத்தைப் பொறுத்து மாறும், அது வித்தியாசமாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் உள்ளே பிட் கெட்டிருக்கலாம், பழைய டிஸ்க் என்றால் கட்டாயம் யோசிக்கவேண்டிய விஷயம். ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருளில் இரண்டு ஃபோல்டரையும் கொடுத்து உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிடு என்று சொன்னால் ஒவ்வொரு ஃபைலையும் முழுதாகப் படித்து ஒப்பிடும். நேரம் எடுக்கும், ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். ஒப்பிட்டு முடியும்வரை எந்தப் பக்கமும் ஐடியூன்ஸைத் திறக்காதீர்கள், திறந்தால் ஐடிஎல் ஃபைல் மாறிவிடும்.

புதிய லேப்டாப்பில் முதலில் ஒன்டிரைவைப் பாருங்கள். விண்டோஸ் 11 மிஷினை மைக்ரோசாஃப்ட் கணக்கில் முதன்முதலாகத் தொடங்கும்போது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர்களை அது ஒன்டிரைவுக்குள் இழுத்துவிடும், மியூசிக் ஃபோல்டரும் அந்தப் பட்டியலில் வரலாம். இலவச இடம் 5 ஜிபிதான். 60 ஜிபி பாட்டை அங்கே வைத்தால் இடம் நிறைந்துவிட்டது என்று கத்தும். காசு கட்டி இடம் வாங்கியிருந்தாலும் சில பாட்டை மேலே அனுப்பிவிட்டு இங்கே வெறும் நிழலை மட்டும் வைத்திருக்க முடியும், அப்போது நெட் இல்லாத இடத்தில் பாட்டு ஓடாது. ஒன்டிரைவ் செட்டிங்ஸில் போய் மியூசிக் ஃபோல்டரின் பேக்கப்பை நிறுத்திவிட்டு, அது சி டிரைவில் யூசர் ஃபோல்டருக்குள் நேராக இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகு காப்பி செய்யுங்கள்.

அப்புறம் ஐடியூன்ஸை நிறுவுங்கள், ஆனால் சாதாரணமாகத் திறக்காதீர்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலிருந்து ஐடியூன்ஸ் ஃபோல்டரைப் புதிய மிஷினின் மியூசிக் ஃபோல்டருக்குள் காப்பி செய்துவிட்டு, ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ஐடியூன்ஸைத் திறங்கள். எந்த லைப்ரரி வேண்டும் என்று ஒரு பெட்டி கேட்கும். சூஸ் லைப்ரரி கொடுத்து, நீங்கள் கொண்டுவந்த ஃபோல்டருக்குள் இருக்கும் ஐடிஎல் ஃபைலைக் காட்டுங்கள். அவ்வளவுதான். பழைய லேப்டாப்பில் யூசர் பெயர் வேறு, இதில் வேறு, முகவரி மாறிவிடுமே என்று நீங்கள் யோசிக்கலாம். மீடியா ஃபோல்டர் ஐடிஎல் ஃபைல் இருக்கும் அதே ஐடியூன்ஸ் ஃபோல்டருக்குள் இருந்தால் ஐடியூன்ஸ் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். முதலில் கன்சாலிடேட் செய்யச் சொன்னதற்குப் பாதிக் காரணம் இதுதான். சேர்த்த தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள், பழைய வருடங்கள் அப்படியே இருந்தால் எல்லாம் வந்துவிட்டது.

ஆச்சரியக்குறி வந்தால் அது பெரும்பாலும் பழைய லேப்டாப்பிலேயே காணாமல் போயிருந்த ஃபைல். அதன் மேல் டபுள் கிளிக் செய்தால் எங்கே இருக்கிறது என்று கேட்கும், காட்டிவிடலாம். பாட்டை லைப்ரரியிலிருந்து நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்காதீர்கள், அதன் பழைய கணக்கு எல்லாம் போய்விடும்.

ஆப்பிள் மியூசிக் என்று தனி ஆப் விண்டோஸுக்கு வந்திருக்கிறது, ஸ்டோரில் ஐடியூன்ஸ் தேடும்போதே அதுவும் கண்ணில் படும். அதை நிறுவினால் பாட்டு எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும், ஐடியூன்ஸில் பாட்காஸ்டும் ஆடியோபுக்கும் மட்டுமே மிஞ்சும். அது நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. மாற்றும் வேலை முடிந்து ஓரிரு வாரம் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு முடிவெடுங்கள், நடுவில் வேண்டாம்.

ஐபாடோ ஐபோனோ இந்த லைப்ரரியோடு கேபிளில் இணைத்துப் பாட்டு ஏற்றிக்கொண்டிருந்தால் இன்னொரு லாபமும் இருக்கிறது. லைப்ரரி முழுதாக வந்ததால் புதிய லேப்டாப்பில் இருப்பதையும் அந்தக் கருவி பழைய லைப்ரரியாகவே அடையாளம் காணும். புதிதாக லைப்ரரி உருவாக்கியிருந்தால், இந்தக் கருவி வேறு லைப்ரரியோடு இணைந்திருக்கிறது, இதில் உள்ளதை அழித்துவிட்டு ஏற்றவா என்று கேட்கும், அவசரத்தில் ஓகே கொடுத்தால் உள்ளே இருந்த பாட்டு போயே போச்சு. கணினி செத்துப்போய் ஐபாட் மட்டும் மிஞ்சியவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய கிளாசிக், நானோ வகைகளில் பாட்டுகள் ஐபாட் கன்ட்ரோல் என்ற மறைந்த ஃபோல்டருக்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாக இருக்கும். ஃபைல் பெயர் நான்கு எழுத்தில் அர்த்தமில்லாமல் இருக்கும், ஆனால் டேக் உள்ளே இருப்பதால் வெளியே எடுத்து எந்தப் பிளேயரில் போட்டாலும் சரியான பெயரோடு தெரியும்.

காசு கொடுத்து வாங்கியவை பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் ஐடியூன்ஸ் ஸ்டோர் திறந்ததே 2012 டிசம்பரில்தான், அதற்குள் பாட்டுகளுக்குப் பூட்டு போடும் வழக்கத்தை ஆப்பிள் 2009-லேயே நிறுத்தியிருந்தது. அதனால் இந்தியக் கணக்கில் வாங்கியது எல்லாம் பூட்டில்லாத எம்4ஏ, எங்கும் ஓடும். வெளிநாட்டில் இருந்தபோது 2009-க்கு முன் வாங்கியது இருந்தால் எம்4பி என்று முடியும், அதற்குப் புதிய கணினியை அங்கீகரிக்கவேண்டும். ஒரு கணக்குக்கு ஐந்து கணினிதான். பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிடுவதற்கு முன் அக்கவுண்ட் மெனுவில் ஆத்தரைசேஷன்ஸில் போய் அதன் அங்கீகாரத்தை நீக்கிவிடுங்கள். மாதச் சந்தா ஆப்களில் டவுன்லோட் செய்து வைத்தது, ஆப்பிள் மியூசிக் ஆனாலும் ஸ்பாட்டிஃபை ஆனாலும், நகர்த்தக்கூடிய ஃபைல் இல்லை, புதியதில் உள்நுழைந்து மறுபடி இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில் சிடியிலிருந்து எடுத்த டபிள்யூஎம்ஏ ஃபைல்கள் இருந்தால் மட்டும் ஒன்றிரண்டைப் புதிய லேப்டாப்பில் ஓட்டிப் பாருங்கள். பாதுகாப்புப் பூட்டோடு எடுத்திருந்தால் அதன் உரிமம் பழைய மிஷினிலேயே இருக்கும், இங்கே ஓடாது. சிடி கையில் இருந்தால் மறுபடி எடுப்பதே சுலபம்.

மேக் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்பு முதல் மேக்கில் ஐடியூன்ஸ் கிடையாது, மியூசிக் என்ற ஆப்தான். மேக்கிலிருந்து மேக்குக்கு என்றால் மியூசிக் ஃபோல்டரை முழுதாக நகர்த்தி, ஷிஃப்ட்டுக்குப் பதிலாக ஆப்ஷன் விசையைப் பிடித்துத் திறக்கவேண்டும், மற்றதெல்லாம் இதே மாதிரிதான். விண்டோஸின் வழக்கமான டிஸ்க் வடிவமான என்டிஎஃப்எஸ்ஸை மேக் படிக்கும், எழுதாது, அதனால் இரண்டுக்கும் நடுவே போகும் டிஸ்க்கை இரண்டும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபேட் வடிவத்தில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபைல் பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. கொ, கோ, கௌ மாதிரி எழுத்துகளில் வரும் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மேக்கின் பழைய டிஸ்க் வடிவம் பிரித்துத்தான் வைத்துக்கொள்ளும். அங்கிருந்து விண்டோஸுக்கு வந்த ஃபைலும், ஏற்கெனவே விண்டோஸில் இருந்த அதே பெயர் ஃபைலும் ஒரே ஃபோல்டரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாக நிற்கும், பிளேலிஸ்ட் ஒன்றைத் தேடி இன்னொன்றைக் காணோம் என்று சொல்லும். டேகில் தமிழ் இருக்கட்டும், மிக நன்றாக இருக்கும். ஃபைல் பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலேயே விட்டுவிடுங்கள்.

ஐடியூன்ஸை விட்டே விலகலாம் என்று உங்கள் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். விலகலாம், மியூசிக்பீ, ஃபூபார்2000 இரண்டுமே நல்ல இலவசப் பிளேயர்கள், மியூசிக்பீ ஐடியூன்ஸ் லைப்ரரியை ஸ்டாரோடும் பிளேலிஸ்ட்டோடும் உள்ளே இழுத்துக்கொள்ளும் வசதியும் வைத்திருக்கிறது. ஆனால் கணினி மாற்றுவதையும் பிளேயர் மாற்றுவதையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். ஏதாவது காணோம் என்றால் எதனால் போனது என்று கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும். முதலில் ஐடியூன்ஸிலிருந்து ஐடியூன்ஸுக்கு வாருங்கள். பிளேலிஸ்ட்டுகளைத் தனியாக ஏற்றுமதி செய்வதாக இருந்தால் எம்3யு8 என்று முடியும் வடிவத்தில் எடுங்கள், பழைய எம்3யு-வில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

பழைய லேப்டாப்பை உடனே ஃபார்மட் செய்யாதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால் இரண்டு மாதமாவது தள்ளிப்போடுங்கள். அதற்குள் நீங்கள் வழக்கமாகக் கேட்பதில் பெரும்பகுதி ஒருமுறை ஓடியிருக்கும், குறை இருந்தால் தெரிந்துவிடும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருக்கும் காப்பியைப் புதிய பாட்டு ஏற்றப் பயன்படுத்தாமல் அப்படியே எடுத்து வையுங்கள், கேசட் பதிவுகளை மட்டும் இன்னொரு பிரதி எடுத்து வேறு வீட்டில், அக்கா வீட்டிலோ ஊரிலோ, வைத்துவிடுங்கள். அவை மொத்தமே சில ஜிபிதான் இருக்கும். கன்சாலிடேட் செய்யும்போது இடம் போதவில்லை என்று வந்தால் பழைய லேப்டாப்பில் எவ்வளவு காலி, மீடியா ஃபோல்டர் எந்த டிரைவில் என்று இரண்டு விவரத்தையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.